குழாய் உடையுமா? கம்ப்யூட்டரைக் கேட்போம்!

2010 செப்டம்பர் 9 அன்று, கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். குழாயின் நீளவாக்கு வெல்டிங் ஓரிடத்தில் முழு ஆழத்திற்கு இறங்கவில்லை. உடைப்பு அங்கேதான் தொடங்கியது.

இதுபோன்ற விரிசல் ஓடுமா என்பதைக் குழாயை உடைக்காமலே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். முதலில் குழாயின் படத்தை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறோம். இந்த வலைதான் மெஷ். உள் அழுத்தத்தையும் உலோகத்தின் தன்மையையும் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள ஸ்ட்ரெஸ் கிடைக்கும்.

நான் முதலில் இதைச் செய்தபோது, விரிசல் முனையில் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினேன். ஸ்ட்ரெஸ் சுமார் 1.4 மடங்கானது. மீண்டும் பாதியாக்கினேன், மீண்டும் ஏறியது! கம்ப்யூட்டரில் கோளாறா? இல்லை. இந்தக் கணக்குப்படி, கூரான முனையில் ஸ்ட்ரெஸுக்கு எல்லையே கிடையாது. எனவே அந்த எண்ணை நம்பாமல், 1957இல் ஜார்ஜ் இர்வின் தந்த 'ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி ஃபேக்டர்' என்ற அளவைக் கணக்கிட வேண்டும். இது உலோகம் தாங்கும் அளவை எட்டினால் விரிசல் ஓடும்.

இன்னொன்று. வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்குவதால் அங்கே ஓர் இழுவிசை தங்கிவிடும். இதைச் சேர்க்க மறந்தால், உடையப்போகும் குழாயையும் கம்ப்யூட்டர் 'பத்திரம்' என்றே காட்டும். எரர் மெசேஜ் எதுவும் வராது!

எக்ஸெல்லில் வீட்டுக் கணக்குப் போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். நாம் கொடுக்க மறந்ததைக் கம்ப்யூட்டர் கேட்காது.