படுக்கைப் புண்ணும் ரண சிகிச்சையும்

தென்னையிலும் பனையிலும் ஏறுவோர் தவறி விழுவதும், கைப்பிடிச் சுவரற்ற கிணற்றில் வீழ்ந்து முதுகெலும்பு முறிவதும் நம் கிராமங்கள் அறிந்த விபத்துகள். அவ்வாறு அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து, இடுப்புக்குக் கீழ் உணர்வின்றி வீடு திரும்பியபின் அவரை மற்றொரு பகை தாக்குகிறது. அதுவே படுக்கைப் புண். பக்கவாதத்தால் படுத்தவர்களும், தொடையெலும்பு முறிந்து கிடக்கும் முதியோரும் இதற்கு ஆளாகின்றனர். முற்றிச் சீழ் பிடித்த படுக்கைப் புண் உயிரையே கொண்டுபோகக் கூடியது. எனினும் தக்க ரண சிகிச்சையால் அதனை ஆற்ற முடியும். அச்சிகிச்சையின் முறையையும், அதில் வீட்டாருக்கும் பஞ்சாயத்துக்கும் உள்ள பங்கையும் இங்கு காண்போம்.

புண் உண்டாகும் விதம்

மடை அடைபட்டால் வயல் வாடுவதுபோல, எலும்புக்கும் பாய்க்கும் இடையே நசுங்கும் சதைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டால் அது மடிகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். உணர்வற்றவருக்கோ வலி தெரிவதில்லை; புரளவும் இயல்வதில்லை. இடுப்பின் பின்புற எலும்பு, உட்காரும் எலும்பு, தொடையின் பக்கவாட்டு மூட்டு, குதிகால் ஆகியவையே புண் தோன்றும் முக்கிய இடங்கள்.

தோல் சிவந்தோ கறுத்தோ இருந்து, விரலால் அழுத்தி எடுத்தபின்னும் நிறம் மாறாதிருப்பது முதல் நிலை. மேல்தோல் உரிவது இரண்டாம் நிலை. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புவரை குழி விழுவது மூன்றாம் நிலை. தசையும் எலும்பும் வெளிப்படுவது நான்காம் நிலை. தோலைக் காட்டிலும் தசை விரைவில் மடியும். ஆதலால் வெளியே நாணயம் அளவே துவாரம் தெரியினும், உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கலாம். செல்லரித்த மரத்தைப் பட்டையைப் பார்த்து மதிப்பிடலாகாது.

நாற்றம், சீழ், கறுத்த சதை, சுற்றிலும் சிவப்பும் வெப்பமும், குளிர்காய்ச்சல், அறிவுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் ஆகியவை நச்சு உடலில் பரவுவதன் அறிகுறிகள். இவற்றில் எது கண்டாலும் மஞ்சள் பற்று, பச்சிலை, மண்ணெண்ணெய் என்று நாட்களைக் கழிக்காமல், அன்றே 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ரண சிகிச்சையின் மூன்று படிகள்

முதற்படி, அழுகியதை அகற்றுதல். மடிந்த சதைக்கு இரத்த ஓட்டம் இல்லையாதலால், ஊசி வழியே செலுத்தும் மருந்தும் அங்கு போய்ச் சேராது. ஆகவே, இரத்தம் கசியும் உயிருள்ள சதை தென்படும்வரை கெட்டதை வெட்டி எடுக்கின்றனர். இது ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். எலும்பும் கெட்டிருந்தால் அதன் பழுதான பகுதியைச் செதுக்கி நீக்குவர். கிருமி இன்னதென்று பரிசோதித்து, அதற்குரிய மருந்தைப் பல வாரங்கள் கொடுப்பர். புண் முன்னிலும் பெரிதாகிவிட்டதே என்று வீட்டார் அஞ்சுவது இயல்பு. அது பெரிதாகவில்லை; மறைந்திருந்த அளவு வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இரண்டாம் படி, உடலைத் தேற்றுதல். பெரிய புண்ணிலிருந்து நாள்தோறும் புரதச் சத்து வடிந்துபோகிறது. எனவே 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் வரை புரதம் தேவைப்படும். ஒரு கோழி முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராமே. பால், பருப்பு, மீன், நிலக்கடலை ஆகியவற்றையும் சேர்த்தே இத்தேவையை நிறைவேற்ற இயலும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிய வேண்டும். இரத்தசோகையை நீக்குதலும், நீரிழிவை அடக்குதலும், பீடியை அறவே விடுதலும் அவசியம். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

மூன்றாம் படி, குழியை மூடுதல். வேரடி மண்ணோடு பெயர்த்து நட்ட கன்று பிழைப்பதுபோல, அருகிலுள்ள தோலையும் தசையையும் அவற்றின் இரத்தக் குழாய் அறுபடாதவாறு பெயர்த்துத் திருப்பிக் குழியின்மேல் தைக்கின்றனர். இடுப்பின் பின்புறப் புண்ணுக்குப் புட்டத்துத் தசை இவ்வாறு பயன்படுகிறது. மெல்லிய தோலை மட்டும் ஒட்டினால் எடை தாங்கும் இடத்தில் அது நிலைப்பது அரிது.

வீட்டில் நடைபெறும் பாதிச் சிகிச்சை

தையல் போட்ட இடத்தில் மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை உடலின் பாரம் விழலாகாது. பிறகு, மருத்துவர் அனுமதித்தபின், முதலில் 15 நிமிடங்கள் போலச் சிறிது நேரம் உட்கார வைத்து, தோலைப் பரிசோதித்துப் படிப்படியாக நேரத்தைக் கூட்டவேண்டும். இதில் தவறினால், அரும்பாடுபட்டு மூடிய புண் அதே இடத்தில் மீண்டும் திறக்கும்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் டாக்டர் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்குச் சிகிச்சை தொடங்கியபோது, இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும்படி விதித்தார். சாவுக்கே உரியவர்கள் எனக் கருதப்பட்டோர் பலர் பிழைத்தெழுந்தனர். நம் வேலூரில், 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே ரண சிகிச்சை செய்துவந்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் ஏற்படக் காரணமாகவும் இருந்தார். உணர்விழந்த உடலையும் புண்ணின்றிக் காத்தால், பயனுள்ள வாழ்வு உண்டு என்பதற்கு இவை சான்றுகள்.

காலையும் மாலையும் தோலைக் கவனித்துப் பாருங்கள். ஈரமும் மலமும் படாமல் துடையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நடுவில் துளையுள்ள வளைய மெத்தையையும் சைக்கிள் டியூபையும் அடியில் வைக்காதீர்கள். அவை சுற்றிலும் அழுத்திக் கேடு செய்யும். காற்று மெத்தை நன்று; ஆயினும் அது புரட்டிவிடும் கைக்கு ஈடாகாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அரைமணிக்கு ஒரு முறையேனும் முன்சாய்ந்தோ கையூன்றி எழும்பியோ பாரத்தை நீக்கவேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

இரவும் பகலும் ஒருவரைப் புரட்டுதல் ஒரு மனைவியாலோ ஒரு தாயாலோ மட்டும் ஆகிற காரியம் அன்று. அவர் வயல் வேலைக்கும் போகவேண்டும், உறங்கவும் வேண்டும். எனவே உறுப்பினர்கள் தம் வார்டில் படுத்த படுக்கையாக இருப்போரைக் கணக்கெடுத்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிப்பது முதற்கடமை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இத்தகையோரின் வீடுகளை நாடியே அமைக்கப்பட்டது. அண்டை வீட்டாரும் மகளிர் குழுவினரும் முறைவைத்து உதவ ஏற்பாடு செய்வது இரண்டாவது. கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவித்தல் மூன்றாவது. மரத்திலிருந்து விழுந்தவரை மடக்கித் தூக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாது வைத்து, பலகையில் நேராகக் கிடத்தி ஏற்றவேண்டும் என்பதைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் நான்காவது.

அறுவை மேசையில் மருத்துவர் ஆற்றும் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பயனைக் காப்பது, இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியின் தோளையும் இடுப்பையும் பற்றித் திருப்பும் கைகளே. அக்கைகள் ஒரே வீட்டுக் கைகளாக மட்டும் இராமல், ஊரின் கைகளாகவும் இருக்கட்டும்.