விதைக்கு எத்தனை சட்டம்?

விதைக்கு மட்டும் எத்தனை சட்டம்னு எண்ணிப் பாருங்க. 1966 விதைச் சட்டம், 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 2001 பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2002 பல்லுயிர்ச் சட்டம்.

வங்கியில் இருந்தபோது பார்த்தது இது. சுற்றறிக்கை பெருகப் பெருக, அதைப் படிக்க ஆள் வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். ஒத்தை ஆள் கையெழுத்துப் போடவே பயப்படுவார். விதையிலும் அதே கதைதான். "பக்கத்துக் காட்டுக்காரருக்கு விதை கொடுத்தா கேஸ் வருமா?" என்று கேட்கிறார்கள்.

வராது. 1966 சட்டத்தின் 24ஆம் பிரிவு, தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே, விதைக்கப் போகிறவருக்கு நேரடியாக விற்பதற்கு விலக்கு தருகிறது. 2001 சட்டத்தின் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உரிமை தருகிறது. அந்த ரக விதையைப் பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கத்தான் கூடாது.

2019இல் உருளைக்கிழங்கு ரகத்துக்காக குஜராத் உழவர்கள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. உழவர் அமைப்புகள் இந்த 39ஐத்தான் பிடித்துக்கொண்டன. வழக்கு வாபஸ் ஆனது.

பயந்து விதை கொடுப்பதை நிறுத்தினால், சட்டம் பறிக்காத உரிமையை நாமே விட்டுவிட்டதாக ஆகும். இரண்டு பிரிவுகளையும் நகலெடுத்து, விதை வைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்க.