மட்கார்டு: வாங்குவதும் மாட்டுவதும்

ஆண்டு மலரில் கம்ப்யூட்டர், ரோபோ என்று ஆளாளுக்கு எழுதும்போது இவன் சைக்கிள் மட்கார்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று சிரிக்க வேண்டாம். குச்சனூர் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் தொழி உழவு தொடங்கிவிடும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வயலில் இருந்து ரோட்டில் ஏறும்போது பாதி வயலைக் கூடவே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். மேலே மலைச்சாரல் வேறு. ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் வேனும் பஸ்ஸும் சேர்ந்து அதை நல்ல கூழாக்கிவிடும். சின்னமனூரில் இருந்து மார்க்கையன்கோட்டை வழியாக வருகிற நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். ஆனால் பொருந்தாத மட்கார்டு முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டால், சைக்கிள் நிற்கும், ஆள் ஹேண்டில் பாருக்கு மேலே போவான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் மெக்கானிக்ஸ். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 4.17 மீட்டர். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனைப் பொறுத்தவரை டயரின் விளிம்பும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. விளிம்பை விட்டுப் பிரியும் துளி தொடுகோட்டில் பறக்கும். பின்சக்கரத்தின் பின்புறம், அச்சு மட்டத்தில் பிரியும் துளி நேரே மேலே போகும். வேகத்தின் வர்க்கத்தை 2 ஜி-யால் வகுத்துப் பாருங்கள், 0.89 மீட்டர் வரும். அச்சின் உயரம் சுமார் 0.35 மீட்டர். கூட்டினால் 1.24 மீட்டர். காற்றுத் தடைக்குக் கொஞ்சம் கழித்தாலும் சீட்டைத் தாண்டிவிடும். அதற்கும் மேலே பிரிகிற துளி முன்பக்கமாகச் சாய்ந்து வந்து நம்ம முதுகில் கோடு போடும். பின் மட்கார்டு அச்சு மட்டத்துக்குக் கீழே வரை இறங்க வேண்டும் என்பது இதனால்தான்.

முன்சக்கரத்தில் கதை வேறு. அதன் பின்பக்கக் கீழ்ப்பகுதியில் இருந்து தெறிப்பது கால், பெடல் அச்சு, செயின் மூன்றின் மேலும் நேராக வந்து விழும். மணல் கலந்த சேறும் செயின் எண்ணெயும் சேர்ந்தால், ஒர்க்ஷாப்பில் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான். செயின் சீக்கிரம் தேய்ந்து இழுபடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கடைகளில் ஸ்டைலாகத் தொங்கும் குட்டை மட்கார்டு இந்த இடத்தை மறைப்பதே இல்லை. என்னைக் கேட்டால் அது வெறும் அலங்காரம். பிளஸ் டூ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நண்பர்கள் பலர் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் வருகிறார்கள். அதில் முழு நீள மட்கார்டு இருக்கிறது. ஸ்டைலுக்காக அதைக் கழற்றி எறியாதீங்கப்பா!

வாங்கப் போகும்போது "26 இன்ச் மட்கார்டு" என்று மட்டும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டயரின் பக்கவாட்டில் பாருங்கள், சின்ன எழுத்தில் 37-590 அல்லது 50-559 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. முதல் டயர் 26 x 1 3/8, அடுத்தது மவுண்டன் சைக்கிளின் 26 x 1.95. அகலத்தை இரட்டித்து விட்டத்தோடு கூட்டினால் வெளிவிட்டம் 664-ம் 659-ம். ஏறக்குறைய ஒன்றுதான்! ஆகவே வளைவு பொருந்தும். ஆனால் 37-க்குச் செய்த மட்கார்டு 50 மி.மீ. டயரை மூடாது. பெரிய 28 x 1½ ரோட்ஸ்டர் என்றால் 40-635, வெளிவிட்டம் 715. அதற்கு வளைவே தனி. டயர் அகலத்தைவிட பக்கத்துக்கு 5 முதல் 8 மி.மீ. கூடுதலாக இருக்கிற மட்கார்டாகப் பார்த்து எடுங்கள்.

இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், இரண்டும் ஓடும். இரும்பில் விளிம்பை உருட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விறைப்பு அதில்தான் இருக்கிறது. உள்பக்கம் துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடியுங்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, வெயிலில் கிடந்தால் நொறுங்கும்.

இனி முக்கியமான விஷயம், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு 10 மி.மீ. போதும், பார்க்கவும் அழகு. வாய்க்கால் கரையிலும் வயல் ரோட்டிலும் அந்த 10 மி.மீ. எமன். களிமண் டயரோடு ஒட்டிச் சுற்றி, ஃபோர்க்கின் தலைக்கடியில் அப்பி, சக்கரத்தை நிறுத்திவிடும். நம்ம பக்கத்துக்கு 20 மி.மீ. வேண்டும். டேப் இல்லையா? தார் ரோட்டுக்குச் சுண்டுவிரல், சேற்று ரோட்டுக்குக் கட்டைவிரல் நுழைய வேண்டும். இன்னொன்று: சக்கரம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று யோசியுங்கள். கல்லும் குச்சியும் மட்கார்டின் பின்முனை வழியாக நுழைந்து முன்முனை வழியாக வெளியேற வேண்டும். நுழையும் வாய் கொஞ்சம் குறுகலாகவும் வெளியேறும் பக்கம் கொஞ்சம் அகலமாகவும் இருந்தால், உள்ளே வந்தது நடுவில் சிக்காது.

மாட்டும்போது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முதலில் ஃபோர்க் தலை போல்ட்டை (பின்பக்கம் என்றால் பிரேம் பாலத்து போல்ட்டை) லூசாகப் போடுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, பக்கக் கம்பிகளை அச்சில் கோர்த்து, மட்கார்டு டயருக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் போல்ட்டை முதலில் முடுக்குங்கள், கம்பி கடைசியில். கம்பி எட்டவில்லை என்று மட்கார்டை வலிந்து இழுத்து மாட்டுவது சரியில்லை. இழுவிசை உள்ளேயே தங்கி, அதிர்ச்சியில் பிராக்கெட் பக்கம் கீறல் விடும். இடைவெளிக்கு வாஷர் போடுங்கள். பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர் ஒன்றும் பிராக்கெட்டில் வைத்தால், பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் சைக்கிள் என்ற பெயர் வராது. பின் அச்சில் கேரியர் கால், ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி மூன்றும் ஏறுவதால், நட்டு முழுவதும் மரையில் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். இத்தனை தகடு அடுக்கிய இடம் ஓட ஓட அமுங்கும், எனவே ஒரு வாரம் கழித்து மறுபடி முடுக்குங்கள். மவுண்டன் சைக்கிளில் தனி ஓட்டை இருந்தால் பெரும்பாலும் 5 மி.மீ. போல்ட், பிட்ச் 0.8.

போல்ட் தொலைந்தால் கட்டுக்கம்பியால் கட்டி ஓட்டுவது நம்மிடம் வழக்கம். முன்பக்கத்தில் மட்டும் அது கூடவே கூடாது. கட்டு அவிழ்ந்தால் மட்கார்டு டயர் மேல் விழுந்து, சுருண்டு, உள்ளே இழுபடும். ஒரு சுள்ளி போக்ஸில் மாட்டி மேலே போனாலும் இதே கதிதான். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். கம்பெனி முன் மட்கார்டு கம்பியில், இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப் வைப்பது இதற்காகவே. நம்ம சைக்கிளில் அது கிடையாது. "சரக்"கென்று சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்தி இறங்கிப் பாருங்கள், பின்னால் டபுள்ஸ் ஆள் இருந்தால் இன்னும் அவசியம்.

கடைசியாக, முன் மட்கார்டின் கீழ்முனையில் ஒரு ரப்பர் நாக்கு, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் முடிகிற மாதிரி. மோட்டார் சைக்கிள் டியூபில் வெட்டினால் தடிமனாக இருக்கும், விறைப்பாக நிற்கும். சைக்கிள் டியூப் என்றால் இரண்டாக மடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் மடங்கிச் சக்கரத்தில் உரசும்.