வேகன் எண்ணும் 'செல்ஃப்' என்னும் சொல்லும்

"தாத்தா, கிளாஸ் புரிகிறது, மெத்தடில் 'செல்ஃப்' எதற்கு?" என்று என் பேத்தி கேட்டாள். ரயில்வேயில் உழைத்தவன், வேகனைக் காட்டியே சொன்னேன்.

நம் சாந்திபுரத்தை அடுத்த குப்பம் ஸ்டேஷனில் சரக்கு வண்டியைப் பாருங்கள். வேகனுக்கு வேகன் 11 இலக்க எண் இருக்கும். முதல் 10 இலக்கங்களில் இரட்டை இடத்தவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்கி, ஒற்றை இடத்தவற்றையும் சேர்க்க வேண்டும். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே 11-ஆவது இலக்கம், குறையாவிட்டால் 0. மாதிரிக்கு 2208151235: 22 × 3 + 7 = 73. 80-க்குக் குறைவது 7.

பைத்தான் மொழியில் 'வேகன்' என்னும் கிளாஸுக்குள் இக்கணக்கை 'சரிபார்' என்ற மெத்தடாக ஒரே முறை எழுதுகிறோம். எண்ணோ வேகனுக்கு வேகன் வேறு. எந்த வேகனைச் சரிபார்க்கச் சொல்கிறோமோ, அதுவே அப்போது 'செல்ஃப்'. 'செல்ஃப்.எண்' என்றால் அந்த வேகனின் சொந்த எண். மெத்தடின் அடைப்புக்குறிக்குள் முதலில் 'செல்ஃப்' எழுத மறந்தால், அழைக்கும்போது பிழை வரும்.

ஒருமுறை 5-ஐ 6 என்று எழுதிவிட்டு, இல்லாத வேகனை இரவெல்லாம் தேடினோம். மேற்கண்ட எண்ணில் கடைசி 5-ஐ 6 ஆக்கினால் கூட்டுத்தொகை 76. வேண்டியது 4, இருப்பது 7. தவறு அங்கேயே பிடிபடும். பிள்ளைகளே, எழுதிப் பாருங்கள்.