அறுவடைத் தூசியும் கார் பெயின்ட்டும்

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது திருவாரூர் பக்கம் போய்வந்தால் பானெட் முழுக்க நெல் தூசிதான்.

• உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். உமியில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் போலக் கீறும். முதலில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குங்கள்.

• பானெட் சூடு ஆறிய பிறகு, நிழலில் கழுவுங்கள்.

• இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரம் கடைசியில், தனித் துணியால்.

• பாத்திரச் சோப்பு வேண்டாம், வேக்ஸ் போய்விடும்.

• போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றியெடுங்கள்.

• காக்கை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு 5 நிமிடம் ஊறவிட்டு எடுங்கள்.

• 3 மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் பூசுங்கள்.