மிதிவண்டி ஓட்டுவோரின் உள்ளங்கால்: பொருத்தமான இன்சோலைத் தேர்ந்தெடுத்தல்

கரிசல் வெளியில் காற்றுக்கு மறைப்பு ஏதும் இல்லை. ஆடி மாதத்தில் எப்போதும்வென்றானிலிருந்து எட்டயபுரம் நோக்கி மிதிவண்டியில் செல்பவர், எதிர்க்காற்றை வெல்ல ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் விசை செலுத்த வேண்டியுள்ளது. அந்த விசை உள்ளங்காலின் சிறு பரப்பு வழியாகவே பெடலைச் சென்றடைகிறது. வீடு திரும்பியபின் உள்ளங்கால் எரிவதற்கும் விரல்கள் மரத்துப்போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

நடப்பதும் மிதிப்பதும் ஒன்றல்ல

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. தசைகளும் நார்களும் அவற்றைப் பிணைத்து வில்போல் வளைத்து வைத்திருக்கின்றன. நடக்கும்போது உடல் எடை முதலில் குதிகாலில் இறங்கிப் பின்னர் விரல்களை நோக்கி நகர்கிறது. மிதிவண்டியிலோ குதிகாலுக்கு வேலை மிகக் குறைவு. விரல்கள் தொடங்கும் முன்பாத மேடே பெரும்பாலான விசையைத் தாங்குகிறது. ஆகவே, குதிகாலுக்கு மெத்தை வைத்த நடைக்கால இன்சோல் இங்கு அதிகம் உதவாது. வளைவு தளர்ந்த பாதம் ஒவ்வொரு மிதிக்கும் உட்புறம் சாய்ந்தால், முழங்காலும் உட்புறம் இழுபட்டு வலிக்கக்கூடும்.

முதலில் சரிசெய்ய வேண்டியவை

1. முன்பாத மேடு பெடலின் அச்சுக்கு நேர்மேலே இருக்கட்டும். நடுப்பாதத்தால் மிதித்தால் வளைவின்மீதே அழுத்தம் விழும்.

2. காலணியின் அடிப்பாகம் உறுதியாக இருக்கட்டும். மெல்லிய ரப்பர் செருப்பு பெடலின்மேல் மடங்கிக் காலை அழுத்தும். காலணியின் இரு முனைகளையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். நடுவில் எளிதாக மடங்கினால் அது நீண்ட பயணத்துக்கு ஏற்றதன்று.

3. விரல்கள் நெருக்கப்படாத அகலம் வேண்டும். விரல்களுக்கிடையே செல்லும் நரம்புகள் நசுங்குவதாலும் எரிச்சல் உண்டாகும்.

இன்சோலைத் தேர்ந்தெடுத்தல்

ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பாருங்கள். பாதம் முழுவதும் பதிந்தால் வளைவு தாழ்ந்தது. முன்பாதமும் குதிகாலும் மட்டும் பதிந்தால் வளைவு உயர்ந்தது. இது தொடக்கநிலைக் குறிப்பு மட்டுமே.

கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குவது நல்லது. காலணியில் உள்ள பழைய இன்சோலை எடுத்துவிட்டுப் புதியதை இடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் இடம் குறைந்து கால் நெரிபடும். தாங்கி வளைவு முழுவதையும் சீராகத் தொட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உருண்டைபோல் உறுத்தினால் அதன் உயரமோ இடமோ பொருந்தவில்லை என்று பொருள். முதல் சில நாட்கள் குறைந்த தொலைவு ஓட்டிப் பழகுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தார். வலியுணர்வு இழந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமுமே அப்புண்களுக்குப் பெருங்காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் நுண்துளை ரப்பர் காலணிகள் வேலூரில் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு எனப்படும் அதுவே இன்று உணர்விழந்த நீரிழிவுப் பாதங்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

பாதம் மரத்திருப்பவர் கடினமான வளைவுத் தாங்கியைத் தாமாக வாங்கி அணிய வேண்டாம். உறுத்தலை உணர இயலாதவருக்கு, பொருந்தாத தாங்கியே புண்ணை உண்டாக்கும். காலணியை அணியுமுன் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்; அடிப்பாகத்தைத் துளைத்த கருவேல முள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாம். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டாரின் உதவியாலோ பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

காலணியைக் கழற்றி அரைமணி நேரம் கழித்தும் சிவப்பு மாறாதிருத்தல், கொப்புளம், புண், ஓய்விலும் தொடரும் மரப்பு, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மிதிவண்டியை நிறுத்திவிட்டு வாருங்கள். நீரிழிவு உள்ளவர் வலி வரட்டும் என்று காத்திருக்கலாகாது. வரும்போது நாள்தோறும் அணியும் காலணியையும் உடன் கொண்டு வாருங்கள். அதன் தேய்மானம், அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காட்டிவிடும்.