படி என்று தன்னைச் சொல்லும் காசு

திட்டக்குடியில் பொற்காசுப் படிகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞருக்கு,

மூலக் காசின் உருவையும் எழுத்தையும் வேறொரு பொருளில் ஒற்றியெடுத்த நகலே படி எனப்படும். அதைச் சேர்ப்பது மூலத்தை வாங்க வசதியில்லாதவரின் மனச் சமாதானம் என்று கருதுவோர் பலர் உண்டு எனினும், அக்கருத்து முற்றிலும் தவறானது. ஷாஜகான் வெளியிட்ட இருநூறு மொகர் மதிப்புள்ள பொற்காசு இன்று எங்கிருக்கிறது என்று தெரியாத நிலையில், பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள அதன் சாந்து வார்ப்பே அதன் எழுத்தழகுக்குச் சாட்சியாக நிற்கிறது. சோழர் பொற்காசுகளுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படும் உத்தம சோழனின் காசுக்கோ அந்தப் பேறும் வாய்க்கவில்லை. மூலம் மறைந்துபோக, வால்டர் எலியட் 1886இல் வெளியிட்ட தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலின் ஓவியமே எஞ்சியது; அது புலியையும் எழுத்தையும் காட்டுமே தவிர, தகட்டின் தடிப்பையோ முத்திரை இறங்கிய ஆழத்தையோ காட்டாது. ஒரே ஒரு மெழுகு ஒற்று அன்று எடுக்கப்பட்டிருந்தால் அந்த இழப்பு பாதியாகியிருக்கும்.

எந்தக் காசின் படி என்பதைப் போலவே, எந்தத் தனிக் காசின் படி என்பதும் முக்கியம். கோதாவரிக் கரையில் தவளேசுவரத்தில் 1946இல் கிடைத்த புதையலின் மெல்லிய, அகன்ற பொற்காசுகளில், நடுச் சின்னமும் சுற்றியுள்ள எழுத்துகளும் தனித்தனி முத்திரைகளால் அடிக்கப்பட்டவை. ஆகவே ஒன்றில் எழுத்து விலகியிருக்கும், மற்றொன்றில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். விலகலைத் திருத்தி அழகாக்கிய படி, அந்தக் காசைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகள் அருகிலிருப்பதால், சுடுமண்ணில் படியெடுக்கும் ஆசை எழுவது இயல்பு. அதற்குப் பழைய மரபும் உண்டு: தேர், கொண்டாப்பூர் ஆகிய தக்காண அகழ்விடங்களில் ரோமானியக் காசுகளைப் பார்த்துச் செய்த சுடுமண் பதக்கங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மண் காய்கையிலும் சூளையில் வேகையிலும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண்ணில் மூலக் காசின் அளவேயுள்ள அச்சால் ஒற்றினால், 20 மில்லிமீட்டர் காசின் படி 18 மில்லிமீட்டராக வெளிவரும். எனவே முதலில் அந்த மண்ணின் சுருக்கத்தை ஒரு சோதனை வில்லையால் அளந்து, அச்சை அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, சுட்ட மண்ணுக்கு ஏறத்தாழ 2 என்பதால், எடையை எந்த வழியிலும் ஈடுகட்ட இயலாது. அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதே நேர்மை. மூலக் காசின்மேல் களிமண்ணையோ சாந்தையோ அழுத்துவது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

மின்பகுப்பால் செம்பு படியவைத்து இரு முகங்களையும் தனித்தனி ஓடுகளாக ஆக்கி ஒட்டுவது மற்றொரு முறை. விளிம்பில் தெரியும் ஒட்டுக்கோடே அதன் அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு இம்முறையில் படிகள் செய்த ராபர்ட் ரெடி, அவற்றின் விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்ததால், அவை இன்றும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் போலிக் காசில் நகல் என்ற சொல்லைப் பொறிக்கக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் கேட்காத ஊரிலும் சேகரிப்பாளர் தாமே அதைச் செய்ய வேண்டும். தங்க முலாம் பூசிய, குறியிடாத படி, அதைச் செய்தவரின் நோக்கம் நல்லதாயினும், இரண்டாம் கைக்குப் போனதும் மோசடிப் பொருளாகிவிடும்.

படிகளுக்கிடையே உண்மைக் காசு என்று சொல்லப்படும் ஒன்று எப்போதேனும் விலைக்கு வரக்கூடும். மண்ணிலிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்பது இந்தியாவின் 1878ஆம் ஆண்டுச் சட்டம். கிடைத்த இடத்தைச் சொல்லாத விற்பனையாளரிடம் எதையும் வாங்கலாகாது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் மூலக் காசுகளை நிதானமாகப் பார்த்த பிறகே அடுத்த படி சேர்க்கப்படட்டும். மூலம் இருக்குமிடம், அதன் எடை, விட்டம், படி செய்தவர் பெயர், நாள் ஆகியவை முதல் பக்கத்திலிருந்தே குறிப்பேட்டில் ஏறட்டும்.